தண்ணீர் மட்டும் தித்திக்கிறது!

எங்கள் கண்டமங்கலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆனால் 1879-ல் போட்ட ரயில் பாதை ஊரை ஒட்டிப் போகிறது. அதனாலோ என்னவோ, காலேஜில் படிக்கும் என் மகனுக்கு ரயில் பைத்தியம். அதுவும் ஓடுகிற ரயில் இல்லை! ரயிலே வராத ஸ்டேஷன், பூட்டிக் கிடக்கும் அரிசி மில், கூரை விழுந்த பங்களா என்று தேடிப் போய்ப் படம் எடுத்து, நோட்டில் எழுதி வைப்பான். "பாம்பு பல்லி இருக்கிற இடத்தில் உனக்கு என்னடா வேலை?" என்று நானும் திட்டாத நாளில்லை.

ஒரு நாள் அவன் தனுஷ்கோடிப் படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் கையை நிறுத்திவிட்டார்.

"எங்க அக்கா அங்கதாண்டா இருந்தா" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அத்தைக்கு ஓர் அக்கா இருந்த சமாசாரமே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. தனுஷ்கோடியில் குவார்ட்டர்ஸ். மடியில் ஒரு கைக்குழந்தை. 1964 டிசம்பர் புயலில் மூன்று பேரும் போய்விட்டார்கள். அத்தைக்கு அப்போது பதினெட்டு வயது. "ஒரு தடவை அந்த மண்ணைப் பார்க்கணும்" என்றார், இத்தனை வருஷம் கழித்து.

எங்கள் வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "எண்பது வயசுல, அந்த வெயில்ல, அழுது மயக்கம் போட்டு விழுந்தா யாரு பார்க்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்கும் உள்ளூர பயம் இருந்தது. ஆனால் அத்தை எங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லையே! டாக்டரிடம் காட்டி, மாத்திரைகளை எழுதி வாங்கிக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் விழுப்புரத்தில் ராத்திரி ராமேஸ்வரம் ரயிலேறினோம்.

அந்தக் காலத்தில் விழுப்புரம் வழியாகத்தான் போட் மெயில் போகும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்! ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று தனுஷ்கோடி ஜேஜே என்று இருந்த ஊர்.

விடியற்காலையில் பாம்பனைக் கடந்தோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் எங்கள் ரயில் போக, பக்கத்திலேயே பழைய பாலம் ஓய்ந்து நின்றது. அந்தப் புயலில் பழைய பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்துவிட்டன. அவற்றை எடுத்துத் தூக்கி நிறுத்தி 46 நாளில் ரயில் விட்டவர், பிற்பாடு கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் கட்டிய ஸ்ரீதரன். பாலம் பிழைத்தது, தனுஷ்கோடிப் பாதை பிழைக்கவில்லை. அது வரையில் கிளைப் பாதையாக இருந்த ராமேஸ்வரமே ரயிலுக்குக் கடைசி ஊர் ஆகிவிட்டது.

ராமேஸ்வரத்தில் குளித்து, சுவாமி தரிசனம் செய்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் கிளம்பினோம். முன்பெல்லாம் மணலில் வேன்காரர்களை நம்பித்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு. ஒரு பக்கம் குளம் மாதிரி சாதுவான கடல், மறுபக்கம் சீறுகிற கடல். நடுவில் நாம்!

மாதா கோயில் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. செங்கல் இல்லை, கடலிலிருந்து எடுத்த பவழப் பாறைக் கல். தொட்டால் சொரசொரவென்று சின்னச் சின்னத் துளைகள். அந்தச் சுவரில் போய்த் தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள் சில புண்ணியவான்கள். சற்றுத் தள்ளி ரயில்வே ஸ்டேஷனின் மிச்சம். தண்டவாளம் இருந்த இடமெல்லாம் மணல் மூடிக் கிடக்கிறது.

1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊர் வந்து சேருவதற்குச் சற்று முன்னால் அலையில் சிக்கிப் போயிற்று. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் அதோடு போயிற்று. பிறகு, மக்கள் வசிக்கத் தகுதியற்ற ஊர் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது.

அத்தை அழுவார் என்று நான் தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் அழவில்லை. "குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அங்கே இன்னமும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. ஒரு பெண் மணலில் தோண்டிய சின்ன ஊற்றிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் கடல். அத்தை அவளிடம் போய் உட்கார்ந்தார்.

"நல்ல தண்ணியா?"

"குடிச்சுப் பாருங்க ஆத்தா" என்று ஊற்றினாள்.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். "தித்திக்குது" என்றார். அப்புறம்தான் சொன்னார்: "அக்கா காயிதம் போடுவா. கடலுக்கு நடுவுல இருக்கோம், ஆனா மண்ணைக் கையால பறிச்சா நல்ல தண்ணி வருதுன்னு. எங்கம்மா நம்பல. நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பொய் சொல்றா, உப்புத் தண்ணிதான் குடிக்கிறாளோ என்னமோன்னு சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாங்க. பொய் இல்லடி அம்மா!"

அப்போது அழுதது நான்தான்.

மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஆடை மாதிரி மிதந்து நிற்குமாம். அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. மகன் விளக்கினான். பிறகு ஊற்றின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆயா சொல்லச் சொல்ல அக்காவின் பெயர், ஊர், குழந்தையின் வயது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். நான் திட்டிய அதே நோட்டு! இப்போது அந்த மூன்று பேரைப் பற்றி எழுத்தில் இருப்பது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நிழல் என்பதே கிடையாது. குடை, தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் அவசியம். பெரியவர்களுக்கு வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். கட்டுச்சோறாக எலுமிச்சை சாதமோ புளிசாதமோ போதும். இலையையும் பிளாஸ்டிக்கையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது. குழந்தைகளைக் கடலில் இறக்காதீர்கள். இடிந்த சுவர்களில் ஏறவும் விடாதீர்கள். பொழுது சாயும் முன் திரும்பிவிட வேண்டும்.

தனுஷ்கோடி வரை போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்டதை மறக்காமல் எழுதி வையுங்கள். எங்கள் அத்தை அறுபது வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம், நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான்.