கலங்கிய நீரும் கண்ணின் படமும்

கலங்கிய நீரில் ஆழம் பார்க்க இயலாது. களப்பு நீரை அன்றாடம் காணும் குறிஞ்சாக்கேணி மக்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மாரிவெள்ளம் கலந்த நாளில் அடி தெரியவில்லை என்பதற்காக அடியே இல்லையென்று எந்த மீனவரும் துணியார். கண்ணைப் படம்பிடிக்கும் கருவிக்கோ இவ்விவேகம் இல்லை.

கண்புரைச் சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லை அகற்றப்படினும், அதனைப் பொதிந்திருந்த மெல்லுறையின் பின்பகுதி செயற்கை வில்லையைத் தாங்குதற்பொருட்டு விடப்படுகின்றது. உறையில் எஞ்சிய கலங்கள் பெருகி அதன்மேற் படர்வதால், மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் பார்வை மீண்டும் மங்கலாம். புரை மறுபடியும் வளர்ந்ததென மக்கள் கூறுவது பொருந்தாது. அகற்றிய வில்லை மீண்டும் முளைப்பதில்லை. ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதற் செயற்கை வில்லையைப் பொருத்தினார். பின்னாளில் வந்த கூர்விளிம்பு வில்லைகள் இச்சிக்கலைக் குறைத்தனவேயன்றி ஒழிக்கவில்லை.

1991இல் உலகறிந்த ஓ.சி.ரி. எனும் படமுறை, அகச்சிவப்பையொட்டிய ஒளியைச் செலுத்தி, அது தெறித்து மீள்வதைக் கொண்டு விழித்திரைப் படைகளின் தடிப்பை மைக்ரோமீற்றரில் அளக்கின்றது. மங்கிய உறை அவ்வொளியைப் போகும்போதும் மீளும்போதும் சிதறடிக்கின்றது. சமிக்ஞை நலிந்ததும் படைகளின் எல்லைகளைக் கணினி பிழையாக வரைகின்றது. நரம்பிழைப் படை உள்ளதினும் மெலிந்ததாகத் தோன்றுகின்றது. குளுக்கோமா நோய்க்குரிய அடையாளமும் அம்மெலிவே என்பதுதான் இங்குள்ள இடர். நலமான நரம்பு நோயுற்றதெனப்படலாம். நீரிழிவால் விழித்திரை நடுவில் ஏற்பட்ட நுண்வீக்கம் காணப்படாமலும் போகலாம்.

கிராமத்து முதியவர் ஒருவருக்கு இது வெறும் எண்ணன்று. வாழ்நாள் முழுதும் சொட்டுமருந்து, அலைச்சல், செலவு, குருடாவோமோ எனும் அச்சம் யாவும் அவ்வெண்ணில் தங்கியுள்ளன. “நோய் கண்ணிலயா, கடதாசியிலயா?” என்று அவர் வினவின் அது நியாயமான வினாவேயாகும்.

யாக் லேசர் கதிரால் உறையின் நடுவே துவாரமிட்டபின் எடுக்கும் படத்தில் சமிக்ஞை வலுக்கின்றது. அளந்த தடிப்பும் பெரும்பாலும் கூடுகின்றது. நரம்பு வளர்ந்துவிடவில்லை; திரை விலகியதே காரணம். எனினும் அச்சிகிச்சையால் கண்ணழுத்தம் சிறிதுகாலம் உயரக்கூடுமாதலின், தேவையறிந்தே செய்தல் வேண்டும். எனவே படத்தை நம்புமுன் அதன் சமிக்ஞை வலுவை நோக்குதலும், உறையைப் பரிசோதித்தலும், திரை நீங்கியபின் எடுத்த படத்தையே வருங்கால ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளுதலும் வைத்தியரின் கடனாகும். சத்திரசிகிச்சை எப்போது நடந்ததென மறவாது கூறுதல் நோயாளியின் கடனாகும்.