அட்டையில் வந்த வாக்குத்தத்தம்

டிசம்பர் 31 இரவு, தமிழ்ச் சபைகள் பலவற்றில் நடப்பது இது. பன்னிரண்டு மணி ஆனதும் கைகுலுக்கல், கேக், அப்புறம் ஒரு தட்டு. தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். (பிடிக்காத வசனம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கொள்கிறவர்களும் உண்டு!) வசனம் வீட்டுக்குள் வருகிறது என்ற அளவில் நல்ல பழக்கம்தான். சிக்கல் ஜனவரியில் வருவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது.

சுகம் தருவதாக அட்டை வந்த வருடத்திலேயே வீட்டில் ஒரு சாவு. உயர்வு வரும் என்று இருந்த வருடத்தில் நான்கு அரியர். அப்போது மனசு இரண்டு பக்கம் ஓடும். ஒன்று, தேவன் ஏமாற்றிவிட்டார். இன்னொன்று, என் விசுவாசம் பத்தவில்லை. இரண்டாவதுதான் கொடுமை. இழந்தவரையே குற்றவாளியாக்கிவிடுகிறது. ஆறுதல் சொல்ல வருகிற சிலரும் அதையே சொல்லிவிட்டுப் போவார்கள்...

அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கர்த்தர் தம் ஜனத்தைக் குறித்து நல்ல நினைவு வைத்திருக்கிறார், காத்திருக்கும் முடிவு வரும் என்பது அதன் பொருள். அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின வசனத்தையும் சேர்த்துப் படித்தால் தூக்கிவாரிப் போடும். எழுபது வருடம் ஆன பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்கிறது! (எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்று வேத அறிஞர்கள் வாதாடுவார்கள், அது வேறு கதை.) அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைப் பிடித்துப்போன அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. முப்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்டவர் திரும்பிப் போயிருப்பாரா? அநேகமாக இல்லை.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். இன்றைக்கு இருந்தால் அவனுக்குத்தான் கூட்டம் சேரும். சொன்னது பொய்யாகப் போயிற்று.

வாக்குத்தத்தத்தைத் தனியாகப் பிய்த்து எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மத்தேயு 4-இல் இயேசுவை ஆலயத்து உப்பரிகையில் நிறுத்தி 91-ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தத்தைச் சொல்லிக் குதிக்கச் சொல்வது யார்? பிசாசு. வசனம் சரியான வசனம்தான். ஆனால் அதை வைத்துப் பிதாவைச் சோதித்துப் பார்க்க இயேசு மறுத்துவிட்டார். பிறகு கெத்செமனேயில் பாத்திரம் நீங்க வேண்டும் என்று அவரே கேட்டார், அது நீங்கவில்லை. சிலுவை வந்தது. அதன் பிறகே மூன்றாம் நாள். தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றாகின்றன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினது இந்தக் கிறிஸ்துவைப் பற்றித்தான். சிலுவையைத் தாண்டிப் போகாமல் கடந்து வந்தவர். விசுவாசத்துக்கு அஸ்திவாரம் அவர்தான், அட்டை அல்ல.

சரி, அப்படி நம்புவது நடைமுறையில் எப்படி இருக்கும்? மறுபடி எரேமியாவிடமே போகலாம், 32-ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக ராஜா சிதேக்கியா எரேமியாவைக் காவலில் வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் உறவுக்காரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். நகரமே போகப்போகிறது என்று தெரிந்த ஆளிடம் நிலம் விற்க வருகிறான், கில்லாடி! எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டு, வெகுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடி வீடும் நிலமும் விலைக்கு வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்லியிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் கொடுத்த பிறகு அவர் பண்ணுகிற ஜெபம். எல்லாம் உம்மால் ஆகும் என்று ஆரம்பிக்கிறார். முடிக்கும்போது, எதிரி மதில் வரைக்கும் வந்துவிட்டானே, இப்போது போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று குழம்புகிறார். குழப்பத்தோடுதான் வாங்கியிருக்கிறார். கர்த்தர் அதற்காகக் கோபப்படவில்லை, உட்கார வைத்து விளக்குவது போல ஒரு நீண்ட பதில் சொல்கிறார்.

கொஞ்ச காலத்தில் எருசலேம் விழுந்தது. எரேமியாவை ஒரு கூட்டம் எகிப்துக்கு இழுத்துப்போனது. அவர் அந்த நிலத்தில் ஒரு நாளாவது ஏர் ஓட்டினதாக வேதத்தில் எங்கும் இல்லை. கி.மு. 538 வாக்கில் கோரேசு ராஜா யூதர்களைத் திரும்பிப் போக விட்டான். திரும்பினவர்களின் கணக்கு எஸ்றா 2-இல் ஊர் ஊராக எழுதியிருக்கிறது. ஆனதோத் ஊரார் 128 பேர்.