கல்லடி படும் தேரை

ஒயிட்ஹார்ஸ், யூகான், கனடா
ஜூலை 14

என் அருமைச் சிநேகிதிக்கு,

இங்கே இரவு பத்தரை மணி. வெயில் இன்னும் ஜன்னலை விட்டுப் போகவில்லை. இவர் திரையை இழுத்து மூடிவிட்டுக் குறட்டை விடுகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து நாள் வம்பு வயிற்றில் கிடக்கிறது. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

"வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறீர்களே, பின்னால் எதற்கடி ஒரு கார்?" என்று போனில் கேட்டாய் அல்லவா? எங்கள் மோட்டார் ஹோம் 38 அடி நீளம். ஓரிடத்தில் நிறுத்தி, கரண்ட், தண்ணீர், சாக்கடைக் குழாய் எல்லாம் மாட்டி முடித்தபின், ஒரு பாக்கெட் பால் வாங்க அதைக் கிளப்ப முடியுமா? அதற்காகத்தான் ஒரு ஜீப் ராங்ளர். முன்பக்கம் இரும்புச் சட்டம் போட்டு, வீட்டின் வாலில் மாட்டியிருக்கிறோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் நாலு சக்கரமும் உருள, சமர்த்தாகப் பின்னாலேயே வரும். ரிவர்ஸ் மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் சட்டம் வளைந்துவிடும். இப்படி இழுத்து வரும் காரை இந்த ஊர்க்காரர்கள் 'டோட்' என்பார்கள். காதில் விழும்போது தேரை என்ற அர்த்தமும் வரும். அதனால் நான் எங்கள் ஜீப்புக்குத் தேரை என்றே பெயர் வைத்துவிட்டேன். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் என்பாளே உன் பாட்டி, அது போகட்டும். எங்கள் தேரைக்குக் கிடைப்பதெல்லாம் வெறும் கல்தான்!

இந்த ரோட்டைப் பற்றிச் சொன்னால்தான் உனக்குப் புரியும். அலாஸ்கா ஹைவே, 1942-ல் போரின்போது அமெரிக்க ராணுவம் எட்டே மாதத்தில் காட்டை வெட்டிப் போட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை போகிறது, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். இப்போது முழுக்க நல்ல ரோடுதான் என்று பெயர். ஆனால் பல இடங்களில் அடியில் உறைந்த மண். அது இளகும் இடத்திலெல்லாம் ரோடு அமிழ்ந்து அலை அலையாகிவிடும். குளிர்காலத்தில் எதையும் தொட முடியாது என்பதால், கோடை வந்ததும் அங்கங்கே கொத்திப் போட்டுச் செப்பனிடுகிறார்கள். பல இடங்களில் தாரைத் தெளித்து மேலே பொடி ஜல்லியைத் தூவி விடுவதோடு சரி. ரோலர் அழுத்தியது பாதி, போகிற வண்டிகள் அழுத்த வேண்டியது மீதி. ஒட்டாத ஜல்லி முழுக்க நம் கணக்கில் வந்து சேரும்.

முன்னால் போகிற வீட்டுக்குப் பின்பக்கம் இரட்டைச் சக்கரங்கள். அவை கல்லைக் கவ்விக் கிளப்பி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். கல் காற்றில் வேகம் இழந்து ஒரு கணம் தொங்கும். அதற்குள் அதே வேகத்தில் பின்னால் வருகிற தேரை போய் மூக்கால் முட்டும். கல் வந்து காரை அடித்தது என்று எல்லோரும் கல்லைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் கார்தான் போய்க் கல்லில் மோதுகிறது. முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினவள் சொன்னால் இந்த மனிதர் கேட்டால்தானே!

கேட்கவில்லை. டாசன் கிரீக்கில் முகாம் போட்டிருந்தபோது பார்க்க வேண்டுமே, அது முகாமா, ஆயுதக் கண்காட்சியா என்று! ஒருத்தர் வீட்டின் பின்பக்கத்துக்கும் கார் மூக்குக்கும் நடுவே கறுப்பு வலை கட்டியிருந்தார், கட்டில் கயிறு மாதிரி இறுக்கமாக. அது நல்ல யோசனைதான், ஆனால் திரும்பும்போது காரில் உரசாதபடி கட்டத் தெரிய வேண்டும். இன்னொருத்தர் காரை இழுக்கும் சட்டத்தின் மேலேயே கெட்டிப் பிளாஸ்டிக் கவசம் நிறுத்தியிருந்தார், கேடயம் பிடித்த சிப்பாய் மாதிரி. எதிர் வரிசைப் பெரியவர் ஹெட்லைட்டிலும் பானட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பிலிம் ஒட்டியிருந்தார். அலட்டல் இல்லாத மனிதர். அவர் கார்தான் அந்த வரிசையில் புதிதுபோல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வம்பைக் கேள். எங்களுக்கு அடுத்த இடத்தில் ஒரு புளோரிடாக்காரி. வீட்டுக்காரர் பெயிண்ட் காக்கும் பைத்தியம். காரின் மூக்கு முழுவதுக்கும் துணி உறை தைத்துப் போட்டு, அதை அவள் தொடக்கூட விடமாட்டாராம். ஆயிரக்கணக்கான மைல் அப்படியே ஓட்டி வந்தார்கள். டாசன் கிரீக்கில் உறையைக் கழற்றினால், உள்ளே மூக்கெல்லாம் வெளிறிப்போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது! புழுதி உள்ளே புகுந்து, துணி காற்றில் படபடத்து, வழி நெடுக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்திருக்கிறது. கல் பட்டிருந்தால் நாலு புள்ளியோடு போயிருக்கும். அவள் என்னிடம் கண்ணைச் சிமிட்டி, "மூடி மூடி வைத்தால் இதுதான் கதி" என்றாள். அதில் கார் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. உனக்கும் புரியும்.

பிறர் கதை போதும், எங்கள் மானத்தையும் சொல்லிவிடுகிறேன். புறப்படும் முன்பே ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், வீட்டின் பின்பக்கம் முழு அகலத்துக்கும் கறுப்பு ரப்பர் மட்ஃபிளாப் தொங்கவிட்டார்கள். இவர் "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று சொல்லிச் சொல்லித் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கிவிட்டார். பள்ளத்தில் பின்பக்கம் அமுங்கும்போதெல்லாம் அது ரோட்டைப் பெருக்கி, சும்மா கிடந்த ஜல்லியையும் எழுப்பிவிட்டது. போதாக்குறைக்கு எங்கள் வண்டிக்கு என்ஜின் பின்னால். அடியில் காற்றோட்டம் கெட்டு, மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனது. ஒரு கறிகாய்க் கத்தியும் நானுமாக ஆறு அங்குலம் அறுத்து எறிந்த பிறகுதான் முள் இறங்கியது.

அப்புறமும் இவருக்கு மனசு ஆறவில்லை. நம் ஊரில் கடை போர்டுக்குப் போடுவார்களே, நெளிநெளியான வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை, அதை வாங்கி ஜீப் மூக்கில் கட்டினார். ஃபோர்ட் நெல்சனைத் தாண்டி வாட்சன் லேக் வருவதற்குள் அது சல்லடை. ஆனால் அது செத்தும் பெயர் வாங்கிவிட்டது. வாட்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காடு ஒன்று இருக்கிறது. 1942-ல் ரோடு போட வந்த கார்ல் லிண்ட்லி என்ற சிப்பாய் வீட்டு ஞாபகத்தில் தன் ஊரான இல்லினாய் டான்வில்லுக்கு ஒரு பலகை நட்டான். அதிலிருந்து வருகிறவரெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை அடித்துவிட்டுப் போகிறார்கள். பல்லாயிரம் பலகைகள்! இவர் அந்த ஓட்டை அட்டையில் மார்க்கர் பேனாவால் 'செங்கோட்டை' என்று தமிழில் எழுதி ஆணி அடித்துவிட்டார். உன் ஊர் யூகானில் தொங்குகிறது, தெரிந்துகொள்.

அட்டை போன மறுநாளே ஜீப்பின் முன்கண்ணாடியில் மிளகளவு ஒரு பொட்டு. நல்லவேளை, விரிசல் ஓடவில்லை. அது சின்னதாக இருக்கும்போதே பிசின் செலுத்தி அடைத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் குளிருக்கும் வெயிலுக்கும் கோடாக ஓடிவிடும். நேற்று இங்கே அரை மணியில் அடைத்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் இவரை உட்கார வைத்து ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மறுபடி நடத்தினேன். எண்பதில் போகிறதை நாற்பதாக்கினால் மோதும் ஆற்றல் பாதியாகக் குறையாது, நாலில் ஒன்றாகிவிடும். இதைவிட மலிவான கவசம் எந்தக் கடையில் இருக்கிறது? மட்ஃபிளாப்பும் பிலிமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவையெல்லாம் ஆக்சிலரேட்டரில் இருக்கிற காலுக்கு அப்புறம்தான்.

ஒன்று யோசித்துப் பார். ரோட்டில் போகிற மற்ற எந்த வண்டிக்கும் கல் தெறித்தால் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. கட்டி இழுக்கப்படுகிற தேரைக்கு மட்டும்தான் அது கிடையாது. முன்னால் போகிறவர் எந்த வேகத்தில் போகிறாரோ, அத்தனையையும் அது தன் மூக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் நிதானம் முன்னால் இருக்கிறவருக்குத்தான் வேண்டும். இதைச் சொன்னபோது இவர் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பதில் பேசவில்லை.

ஆனால் காலையில் அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். இனி டிஸ்ட்ரக்‌ஷன் பே தாண்டி பீவர் கிரீக் வரை ரோடு மோசமாகப் புடைத்திருக்கும். அந்தப் பக்கத்துக்குத் தேரையை அவிழ்த்துவிடலாம், நீயே ஓட்டி வா என்றார். இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கற்களை அவர் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் சாவியை வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர் பின்தங்கி, என் பாட்டைப் போட்டுக்கொண்டு, என் வேகத்தில் வரப்போகிறேன்.

உனக்கும் ஒரு வார்த்தை. புதுக் கார் வாங்கியிருக்கிறாய். புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப் போகிற லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் உனக்கு உண்டு, எனக்குத் தெரியும். உன்னை யாரும் கட்டி இழுக்கவில்லையடி. தள்ளியே போ.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி

பி.கு.: பதில் போடும்போது உன் கார் என்ன நிறம் என்று எழுது. கறுப்பு என்றால் கல் பட்ட வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் தெரியும்.