காசியில் முக்தி பவன்

காசியில் கோதௌலியாவுக்கு அருகில், 1958-இல் தொடங்கப்பெற்ற 'காசி லாப முக்தி பவன்' உள்ளது. இறுதிக் காலத்தை எட்டியவர்களுக்கே இங்கு அறை. பொதுவாக இரண்டு வாரமே தவணை. நிலைமையைப் பார்த்து நீட்டிப்பும் உண்டு. வங்கியில் எத்தனையோ தவணை நீட்டிப்புகளுக்குக் கையெழுத்திட்ட எனக்கு இந்தக் கணக்கு நெஞ்சை உலுக்கியது.

மருத்துவரோ செவிலியரோ இங்கில்லை. உடன் வரும் பிள்ளைகளே சமைத்து, உடல் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துப் பணிவிடை செய்கின்றனர். அர்ச்சகர்கள் அறைதோறும் வந்து நாம சங்கீர்த்தனம் பாடுகின்றனர். காசியில் உயிர் பிரிவோரின் செவியில் விசுவநாதரே தாரக மந்திரம் ஓதுகிறார் என்பது நம் முன்னோர் நம்பிக்கை.

ஆயினும், கடும் வலியுள்ளவரை அழைத்துச் செல்வோர், வலியைத் தணிக்கும் மருந்துகளை மருத்துவரிடம் கேட்டுப்பெற்று உடன் கொண்டுசெல்வதே முறை. அதில் பாவம் ஏதுமில்லை என்பது அடியேன் கருத்து. வலியில் துடிப்பவருக்கு நாமம் எப்படிக் காதில் ஏறும்? பசி அடங்கியவருக்கு வற்புறுத்தி ஊட்டவும் வேண்டாம். விழுங்க இயலாதவர் வாயில் கங்கை நீரை ஊற்றினால் புரையேறிவிடும். துளசி தீர்த்தத்தில் நனைத்த பஞ்சால் உதடுகளை மெல்ல ஒற்றினாலே போதும்.