இடது கைதான் வாசிக்கிறது

எங்கள் ஊர் நோம்பிக் கச்சேரிக்கு இந்த முறை வெளியூரிலிருந்து ஒருவர் அக்கார்டியன் வாசிக்க வருகிறார். கீபோர்டு வந்தபின் எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்து மேடைகளில் அந்தப் பெட்டி அருகிப்போய்விட்டது. எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் இளம்பிள்ளைகள் பலர் அதைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. அதைத் தோளில் மாட்டியே தலை நரைத்தவன் என்பதால் அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஸ்ருதி. வயலின்காரர் பிரடையைத் திருகிக்கொள்வார், புல்லாங்குழல்காரர் உதட்டால் சரிக்கட்டுவார். அக்கார்டியனில் எஃகு ரீடை எந்த ஸ்ருதிக்கு ராவி வைத்தார்களோ அதில்தான் அது பேசும். சில பெட்டிகள் 440 ஹெர்ட்ஸ், சில 442. அதனால் ஒத்திகையில் அக்கார்டியன்காரரை ஒரு சுரம் நீட்டிப் பிடிக்கச் சொல்லி, கீபோர்டும் கிட்டாரும் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் வாத்தியார் ரொம்ப நாள் என்னைக் கட்டையைத் தொடவிடவில்லை. காற்றுப் பட்டனை அமுக்கிக்கொண்டு துருத்தியை விரிப்பது, மூடுவது, அவ்வளவுதான். என் இடது மணிக்கட்டின் மேல் தன் கையை வைத்துக்கொள்வார். "கண்ணு, மொதல்ல மூச்சு உடப் பழகு. வெரலு தானா வரும்" என்பார். இழுப்புக்கும் அமுக்குக்கும் ஒரே கனம் வரும்வரை விடமாட்டார். வெறியோடு இழுத்தால் கீழ்ஸ்தாயி ரீடுகள் ஸ்ருதி இறங்கும் என்பதை அந்தக் கைதான் எனக்குக் காட்டியது.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு விரல் மின்னல். ஆனால் தாளம் சுற்றி வரும்போதெல்லாம் துருத்தியைத் திருப்புவான். நீளச் சுரம் நடுவிலே அறுந்துவிடும். "வாயால் பாடு, எங்கே மூச்சு வாங்குகிறாயோ அங்கே திருப்பு" என்றேன். அந்த வாரமே இடையிசை ஒட்டிக்கொண்டது. எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தி வாசித்ததைக் கேட்கும்போதும் காற்று எங்கே திரும்புகிறது என்று தேடுங்கள்.

இடப்பக்கம் 120 பட்டன், வரிசைக்கு 20 வீதம் 6 வரிசை. வாசிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கட்டை ஸட்ஜத்தில் சிறு குழி இருக்கும். விரல் அதைத் தடவிக் கண்டுகொண்டால் மேலே பஞ்சமம், கீழே மத்திமம். நம் பாட்டு பாதி அந்த மூன்றிலேயே நடந்துவிடும்.

பெட்டியை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். ரீடுத் தகட்டைப் பிடித்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும். இளகினால் தகடு கழன்றுவிடும். தடப்பள்ளி வாய்க்கால் ஈரமும் ஆகாது. ரீடு துருப்பிடிக்கும், காற்றை மறிக்கும் தோல் பட்டை சுருண்டுகொள்ளும். படுக்கப் போடாமல் அடிக்குமிழ்களின் மேல் நிமிர்த்தி வையுங்கள்.

மைக்செட் தம்பிக்கு: வலப்பக்கம் ஸ்டாண்டு மைக் போதும். இடப்பக்கம் அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே பெட்டியிலேயே கவ்வும் மைக் வேண்டும்.

பந்தல் நாற்காலிகளுக்கெல்லாம் கை இருக்கிறது. துருத்தி விரியும்போது இடிக்கும். வாசிக்க வருகிறவருக்குக் கையில்லாத நாற்காலி ஒன்று தனியாகச் சொல்லிவைத்துவிட்டேன்.