அணைந்துபோகும் ஹீட்டர்

உதகமண்டலத்தின் ஜனவரி இரவுகளில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். மூட்டுவலியால் அவதிப்படும் அம்மாவுக்காக, விசிறி வைத்த 2000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே வைத்தேன். நள்ளிரவுக்குமேல் அது தானாக அணைந்துவிடும். ஆறியதும் மீண்டும் ஓடும். விடியும்வரை இதே கண்ணாமூச்சிதான்.

230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே எக்ஸ்டென்ஷன் ஒயரை விலக்கி, சுவரிலிருந்த 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகினேன். சாய்ந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பொத்தான் அடியில் உண்டு என்பதால் சமதளத்தில் நிறுத்தினேன். பயனில்லை.

பழுது பார்க்க வந்தவர் உள்ளேயிருந்த சிறு கட்-ஆஃபைக் காட்டினார். இருவேறு உலோகங்கள் ஒட்டிய தகடு அது. அளவுமீறிச் சூடேறினால் வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கும். "இதை எடுத்துட்டு நேரா இணைச்சுட்டா அணையவே அணையாது சார்" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், ஏனோ மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு விழித்திருந்தேன். குளிரில் எழுந்த அம்மா, போர்த்திக்கொள்ளுமுன் சூடேறட்டும் என்று தன் கம்பளியை ஹீட்டரின் பின்புறம் சாத்தினாள். காற்றை உள்ளிழுக்கும் துளைகள் அங்கேதான் இருந்தன. சற்று நேரத்தில் அது அணைந்தது.

கம்பளியை எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினேன். துளைகளில் படிந்திருந்த நூல்தூசியைத் துடைத்தேன். விடியும்வரை ஹீட்டர் நிற்காமல் ஓடியது. அந்தத் தகட்டை எடுத்திருந்தால் என்னும் நினைவில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இப்போதும் எப்போதாவது அது அணைவதுண்டு. எரிச்சல் வருவதில்லை. எழுந்துபோய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.