ஒட்டகத்தைக் கட்டுவதும் விமானச் சீட்டு எடுப்பதும்



எங்கள் தங்கை அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் வாழ்கிறாள். அவளது முதல் பிரசவத்திற்கு அத்தாவையும் அம்மாவையும் பிள்ளையார்பட்டியிலிருந்து அனுப்பியபோது நாங்கள் விலையை மட்டுமே பார்த்தோம். மதுரையிலிருந்து பெருநகரம் வரை ஒரு சீட்டு; அங்கிருந்து அமெரிக்காவிற்கு வேறொரு நிறுவனத்தில் தனிச்சீட்டு. 18,000 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தோம்.

முதல் விமானம் தாமதமாயிற்று. இரண்டாவது விமானம் அவர்கள் இல்லாமலே புறப்பட்டது. தனித்தனிச் சீட்டுகள் ஆதலால் மாற்று விமானம் தர எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு கொடுத்துப் புதுச்சீட்டு எடுத்தோம். மகள் வலியில் துடித்த இரவில், அவள் கையைப் பற்றியிருக்க வேண்டிய அம்மா விமான நிலைய நாற்காலியில் தஸ்பீஹ் மணியுடன் அமர்ந்திருந்தார்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்றார் அம்மா. அவர் சொன்னால் அது பொறுமை. நாங்கள் சொன்னால் அது சாக்கு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மதரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கும் நாங்களே, ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டிருந்தோம்.

இரண்டாம் பிரசவத்தின்போது முதலில் மஷூரா செய்தோம், இஸ்திகாரா தொழுதோம். பிறகுதான் சீட்டுத் தேடினோம். சென்னையிலிருந்து இறுதி ஊர் வரை ஒரே முன்பதிவில் அமைய வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அவ்வாறு அமைந்தால், ஒரு விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பாகிறது. பெரிய நிறுவனங்களின் கூட்டணிகள் இதற்கு உதவுகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் சென்றால் அட்லாண்டிக்கிற்கு அப்பால் அதன் கூட்டாளியான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உண்டு; லுஃப்தான்சாவில் பிராங்பர்ட் சென்றால் யுனைடெட் உண்டு.

அடுத்தது இறங்குமிடம். பொதுவாக, அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்திற்காக அவற்றை மீண்டும் ஒப்படைக்க வேண்டும். ஆங்கிலம் அறியாத முதியோர்க்கு இது பெருஞ்சோதனை. அபுதாபியிலோ 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே அச்சோதனையை நடத்துகின்றனர். அங்கு முடித்தவர்கள் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியரைப் போலவே இறங்கலாம். ஆகவே எதிஹாத் விமானத்தில், அபுதாபி, சிகாகோ வழியாகக் கொலம்பஸ் வரை ஒரே சீட்டு எடுத்தோம்.

இடைவேளையையும் நீண்டதாகவே தேர்ந்தோம். அது தவறவிடும் அச்சத்தைப் போக்கியதோடு, உளூச் செய்து, தொழுகை அறையில் கிப்லா நோக்கி நின்று, நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கிக் கஸ்ராகத் தொழவும் அவகாசம் தந்தது. பிற நாட்டு நிறுவனங்களில் செல்வோர், முஸ்லிம் உணவு வேண்டுமென முன்கூட்டியே பதிவு செய்வது நலம்.

உள்நாட்டு விமானத்தை நம்பாமல், முந்தைய நாளே காரைக்குடியிலிருந்து ரயிலில் சென்னைக்கு அனுப்பினோம். செலவு கூடியது உண்மை. ஆயினும் இம்முறை பேரன் பிறந்தபோது அம்மா மகளின் அருகிலேயே இருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோரை நெடுந்தூரம் அனுப்புவோரே, கயிற்றை இறுகக் கட்டுங்கள், பிறகு கையேந்துங்கள். பயணிகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.